ஹாப்ஸ் கொடிக்கு ஏற்ற கொழுகொம்பு

ஆண்டுதோறும் இளவேனிலில் மண்ணைப் பிளந்துகொண்டு புதிதாகக் கிளம்பி, மூன்று மாதங்களுக்குள் இருபது அடியைத் தாண்டி உயர்ந்து, பனிக்காலம் பிறக்குமுன் வேர் நீங்கலாக முழுவதும் காய்ந்து மடிந்துவிடுகிற ஒரு கொடிக்கு எத்தகைய கொழுகொம்பு நாட்டுவது என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் பியர் என்னும் பானத்துக்குக் கசப்பையும் வாசனையையும் தருகிற ஹாப்ஸ் கொடியின் சாகுபடி வரலாற்றைப் பார்க்கிறவர்கள், எருவைப் பற்றியும் நோயைப் பற்றியும் பேசப்பட்டதற்குச் சற்றும் குறையாத அக்கறையோடு இந்த ஒரு கேள்வி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டு வந்திருப்பதைக் காண்பார்கள்.

நெடுங்காலம் இது பெருந்தோட்டக்காரர்களின் கேள்வியாகவே இருந்தது. வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1963இல் நீங்கியது; அமெரிக்காவில் அதற்கிருந்த மத்திய அரசின் தடை 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அகன்றது. வீட்டுக் காய்ச்சலில் ஈடுபட்டவர்களுள் சிலர் ஹாப்ஸையும் கொல்லையில் தாமே வளர்க்க விரும்பியபோது, ஏக்கர்க்கணக்கான நிலத்துக்கென்று வகுக்கப்பட்ட விடைகளெல்லாம் இரண்டு கொடி வைத்திருக்கும் குடும்பத்தின் முன் வந்து நின்றன. அவ்விடைகள் எங்கிருந்து பிறந்தன, எந்தக் காரணங்கள் அவற்றைத் தாங்கி நின்றன, அக்காரணங்கள் வீட்டுத் தோட்டத்திலும் செல்லுபடியாகின்றனவா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடியின் சுபாவம்

ஹாப்ஸ், திராட்சையைப் போலப் பற்றுக்கம்பிகளை நீட்டிப் பிடிக்கிற கொடியன்று. தண்டே சுற்றிச் சுற்றி ஏறுகிற இனத்தைச் சேர்ந்தது. அதன் தண்டெங்கும் கீழ்நோக்கி வளைந்த முரட்டு ரோமங்கள் உண்டு. ஏறிய தண்டு நழுவாமல் காப்பவை அவையே. சுற்றும் திசை எப்போதும் வலஞ்சுழி. அவரை இனத்துப் படர்கொடிகள் பல இடஞ்சுழியாகச் செல்ல, இது அவற்றுக்கு மாறாகச் செல்கிறது. இடஞ்சுழியாகக் கயிற்றில் சுற்றிவிட்ட தளிர் தானே அவிழ்ந்து விழுந்துவிடும் என்பது பயிரிடுவோர் யாவரும் அறிந்த செய்தி.

படர்கொடிகளின் இயக்கத்தைப் பற்றி 1865இல் சார்ல்ஸ் டார்வின் வெளியிட்ட ஆராய்ச்சி ஹாப்ஸ் கொடியிலிருந்தே தொடங்குகிறது. வெப்பமான பருவத்தில், பகல் நேரத்தில், அதன் நுனி ஒரு முழு வட்டத்தைச் சராசரியாக 2 மணி 8 நிமிஷத்தில் முடிக்கிறது என்று அவர் கணக்கிட்டார். பற்றுக்கோட்டைத் தேடித் துழாவுகிற அந்த நுனிக்கு மெல்லிய பொருள் அகப்பட்டால் உடனே அதைத் தழுவிக்கொள்ளும். பருமனான பொருளோ அதன் தழுவலுக்கு அடங்குவதில்லை. குளிர்நாடுகளின் சுற்றுக்கொடிகள் பெருமரங்களின் அடிமரத்தைச் சுற்றி ஏறாமைக்கும் டார்வின் ஒரு காரணம் ஊகித்தார்: ஆண்டுதோறும் மடிகிற கொடி பருத்த மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால், வெளிச்சத்தை எட்டுமுன்னரே அதன் காலம் முடிந்துவிடும். வீட்டுத் தோட்டக்காரர் உறுதிக்காக நாட்டும் அரையடிப் பருமனுள்ள தூணில் கொடி ஏறாமல் காலடியிலேயே சுருண்டு கிடப்பதன் இரகசியம் இதுதான். தூண் தாங்குவதற்கு, ஏறுவதற்கு அதனருகே ஒரு கயிறு வேண்டும்.

இயற்கையில் இக்கொடி ஆற்றோரத்து ஆல்டர், வில்லோ மரங்களின் மெல்லிய கிளைகளைப் பற்றி வளர்வது. பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் குறிப்பிடும் ‘வில்லோவின் ஓநாய்’ ஹாப்ஸ்தான் என்று பலர் கருதுவர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயரிலும் ஓநாய் என்னும் பொருளுடைய லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. வெற்றிலைக்கு அகத்தியை நட்டுக் கொடிக்கால் அமைக்கும் நம் நாட்டார், இதற்கும் உயிருள்ள மரத்தையே கொழுகொம்பாக்கினால் என்ன என்று கேட்கக்கூடும். நிழலை விரும்புகிற வெற்றிலைக்குப் பொருந்தும் அந்த உபாயம், பியருக்காகப் பறிக்கப்படும் பூங்கொத்தாகிய கூம்பு முழு வெயிலில்தான் நன்றாகப் பிடிக்கிற ஹாப்ஸுக்குப் பொருந்தாது. ஐரோப்பியச் சாகுபடியில் அது வேரூன்றவுமில்லை.

கம்பத்தின் காலம்

ஆங்கில மொழியில் ஹாப்ஸ் சாகுபடிக்கென்றே எழுந்த முதல் செய்முறை நூலை 1574இல் கெண்ட் மாவட்டத்து ரெஜினால்ட் ஸ்காட் வெளியிட்டார். சூனியத்தின் பெயரால் எளியோரைத் துன்புறுத்துவதைக் கண்டித்து 1584இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதியவரும் இவரே. மரச்செதுக்குப் படங்களோடு கூடிய அவருடைய சாகுபடி நூலில் மண்ணைச் சிறு குன்றுகளாகக் குவித்துச் செடி வைப்பதும், குன்றுகளில் கம்பங்களை நாட்டுவதும், தளிர்களைக் கம்பத்தோடு கட்டுவதும் படிப்படியாக விளக்கப்பட்டிருக்கின்றன. அம்முறை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நிலைத்து நின்றது.

கம்பத்தின் சிறப்பு ஏறுவதில் இருந்ததைக் காட்டிலும் இறங்குவதில் இருந்தது என்பதே இங்கு நான் வற்புறுத்த விரும்புவது. அறுவடை நாளில் கொடியை அடியில் அறுத்துவிட்டுக் கம்பத்தை அப்படியே பிடுங்கிக் கிடத்துவார்கள். பெண்களும் குழந்தைகளும் தரையில் அமர்ந்தபடியே கூம்புகளைப் பறிப்பார்கள். ஏணியும் இல்லை, ஏற்றமும் இல்லை. இந்த நன்மைக்குக் கொடுத்த விலையோ பெரிது. ஆறடிக்கு ஆறடி இடைவெளி விட்டால் ஓர் ஏக்கரில் 1,210 குன்றுகள் அமையும். குன்றுக்கு இரண்டு மூன்று கம்பங்களென்றால் ஆயிரக்கணக்கான கம்பங்களை ஆண்டுதோறும் நாட்ட வேண்டும், பிடுங்க வேண்டும், அடுக்கிக் காக்க வேண்டும், அடிமுனை இற்றவற்றைச் சீவிக் குறைக்க வேண்டும். இந்தத் தேவைக்காகவே கெண்டில் செஸ்ட்நட் மரங்களை அடியோடு வெட்டித் துளிர்க்கவிட்டு மீண்டும் வெட்டுகிற தோப்புகள் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பங்களின் அடியைக் கிரியோசோட் எண்ணெயில் ஊறவைக்கும் வழக்கமும் வந்தது.

ஆயிரம் கம்பங்களைப் பிடுங்குவது பண்ணைக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. இரண்டு கம்பங்களைக் கிடத்துவதோ குடும்பத்தில் இருவர் ஒரு மாலையில் செய்து முடிக்கிற வேலை. பண்ணைகள் கைவிட்டதனாலேயே கம்பமுறை காலாவதியாகிவிட்டது என்று சிறு தோட்டத்துக்கான அறிவுரைகளிலும் சொல்லப்படுவது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை.

கம்பியும் கயிறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலையான தூண்களை நாட்டி, அவற்றின் தலையில் கம்பிகளை ஓட்டி, ஆண்டுதோறும் கயிற்றை மட்டும் புதிதாகக் கட்டுகிற முறை பரவலாயிற்று. இங்கிலாந்தில் பட்சர் முறை என்றும் வூஸ்டர் முறை என்றும் பெயர்பெற்ற பல வகைகள் தோன்றின. உயரத்திலுள்ள கொக்கிகளில் கயிறு மாட்டுவதற்காகப் பொய்க்கால் கட்டிக்கொண்டு நடந்த தொழிலாளர்களைப் பழைய புகைப்படங்களில் இன்றும் காணலாம். பின்னர் நீண்ட கழியின் வழியாகக் கயிற்றைச் செலுத்தித் தரையில் நின்றபடியே மாட்டும் உபாயமும் வழக்கில் வந்தது.

இன்று ஜெர்மனியின் ஹாலர்டாவ் பிரதேசத்தில் பந்தலின் உயரம் சுமார் 7 மீட்டர். அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கில் 18 அடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செக் நாட்டின் ஜாடெட்ஸ் நிலப்பரப்பிலும் இத்தகைய உயர்ந்த கம்பிப் பந்தல்களே கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஹாலர்டாவில் கொடி ஏறுவது மெல்லிய இரும்புக் கம்பியில். யாகிமாவிலும் இங்கிலாந்திலும் பெரும்பாலும் தென்னை நார்க் கயிற்றில். கேரளத்திலும் இலங்கையிலும் திரிக்கப்பட்ட கயிறு, ஒரு தென்னையைக்கூடக் கண்டறியாத குளிர்நிலத்துக் கொடிக்கு ஆதாரமாக நிற்கிறது. இதற்குத் தக்க காரணமும் உண்டு. நாரின் சொரசொரப்பு தண்டின் ரோமங்களுக்கு நல்ல பிடி தருகிறது. ஒரு பருவத்து மழையையும் வெயிலையும் அது தாங்குகிறது. அறுவடைக்குப் பின் காய்ந்த கொடியோடு சேர்த்து எருக்குழியில் போட்டால் காலப்போக்கில் மக்கிவிடுகிறது. வழவழப்பான நைலான் கயிற்றில் இம்மூன்றில் இரண்டு குணங்கள் இல்லை: கொடி தன் பாரத்தாலேயே சறுக்கி இறங்கும், எருக்குழியிலும் அது அழியாது.

உயரத்துக்காக வாதிடுவோர் கூறும் காரணங்கள் இரண்டு. நீண்ட பகலில் உயர்ந்து வளர்ந்து, பகல் குறையத் தொடங்கிய பின் பக்கக்கிளைகளில் பூக்கும் சுபாவமுடைய கொடிக்கு, அக்கிளைகள் விரிய நீளமான தண்டு வேண்டும் என்பது ஒன்று. நெருங்கிய வரிசைகளில் வெளிச்சம் மேலிருந்தே கிடைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் வலுவானவை, ஆனால் இரண்டாவது காரணம் வரிசைப் பயிருக்கே உரியது. நாற்புறமும் வெளிச்சம் படுகிற முற்றத்தில் தனியே நிற்கும் கொடிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்கது.

மேலும், நிலையான உயரப் பந்தல் அறுவடைச் சிக்கலைத் தீர்க்கவில்லை, வேறிடத்துக்கு மாற்றியது. கொடியை மேலேயும் கீழேயும் அறுத்து, வண்டியில் ஏற்றி, பறிக்கும் யந்திரத்திடம் கொண்டுபோகும் ஏற்பாடு இருக்கும் பண்ணைக்கு அது தீர்வு. யந்திரமும் வண்டியும் இல்லாத வீட்டில், பதினெட்டடி உயரத்து முடிச்சை அவிழ்க்க ஏணிதான் மிச்சம்.

குட்டைக் கொடியின் வாதம்

கெண்டிலிருந்த வை கல்லூரியின் கலப்பின ஆராய்ச்சியில், கணுவிடைகள் குறுகிய குட்டை ரகங்கள் உருவாயின. 1990களின் நடுவில் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் கோல்ட்’ அவற்றுள் பெயர்பெற்றது. சுமார் 8 அடி உயரத்தில் வலைவிரித்த வேலிபோன்ற பந்தலில் இவை தாமே படர்ந்துவிடும். ஆண்டுதோறும் கயிறு கட்டும் வேலை இல்லை. வரிசையின் மேலாகச் செல்லும் யந்திரத்தால் செடியை அறுக்காமலே பறிக்கலாம்.

வீட்டுக்கு இதைவிடத் தக்கது வேறில்லை என்று முதற்பார்வையில் எவருக்கும் தோன்றும். பெருமளவுக்கு அது உண்மையும்கூட. இதன் குறை, தேர்வு சுருங்கிவிடுவதில் இருக்கிறது: பியர் காய்ச்சுவோர் பெயர் சொல்லி விரும்புகிற பழைய வாசனை ரகங்கள், குறிப்பாக ஜாடெட்ஸ், ஹாலர்டாவ் ரகங்கள், உயர வளர்பவை. அவற்றை எட்டடி வலையில் அடக்க முயன்றால், எஞ்சிய வளர்ச்சியெல்லாம் உச்சியில் முடிச்சாகத் திரண்டு, காற்றோட்டம் தடைபட்டு, பூஞ்சண நோய்களுக்கு இடமளிக்கிறது. ஆகவே குட்டைப் பந்தல் நல்லதா என்ற வினாவுக்கு, எந்த ரகத்துக்கு என்று கேட்காமல் மறுமொழி கூறுவது சாத்தியமில்லை. சிறு தோட்டக்காரருக்கான குறிப்புகளில் இந்த வேறுபாடு அடிக்கடி விடுபட்டுப்போவது வருந்தத்தக்கது.

வீட்டில் கையாளப்படும் வடிவங்கள்

கூரைவிளிம்பிலிருந்து கயிறு தொங்கவிடுவது யாவற்றினும் எளியது. தெற்குநோக்கிய சுவர் வடநாடுகளில் நல்ல வெயிலையும் தருகிறது. ஆனால் மழைநீர்த் தகரத்தில் கயிற்றைக் கட்டுவது தவறு, அது இத்தகைய பாரத்துக்காக அமைக்கப்பட்டதன்று. வெப்பமேறிய வறண்ட சுவரோரம் சிலந்திப்பேன் பெருகுவதற்கும் ஏற்ற இடம். நிழற்பந்தலாகப் படரவிடுவது அழகு கருதிச் செய்யப்படுவது. சுற்றியேறும் தண்டு கிடைமட்டமான சட்டத்தைத் தானாகச் சுற்றாது என்பதால் அடிக்கடி கையால் வழிநடத்த வேண்டும். காய்ந்த கொடியைச் சட்டங்களிலிருந்து பிய்த்தெடுப்பதும் ஆண்டுதோறும் வரும் சிரமம்.

நடுவில் ஓர் உயர்ந்த கம்பமும், அதன் உச்சியிலிருந்து கூடாரம்போல் நாற்புறமும் சாய்ந்திறங்கும் கயிறுகளும் கொண்ட அமைப்பை நான் மற்றவற்றினும் உயர்வாக மதிக்கிறேன். கயிறுகள் எதிரெதிரே இழுப்பதால் கம்பத்தைச் சாய்க்கும் விசை பெரிதும் ஈடுசெய்யப்படுகிறது. ஒவ்வொரு கொடியும் தனித்து வெயில் பெறுகிறது. உச்சியில் கப்பியொன்று பொருத்தி, கயிறுகளெல்லாம் கட்டிய வளையத்தை அதன் வழியே ஏற்றிவைத்தால், கொடியேற்றும் கம்பத்தைப் போல அறுவடை நாளில் முழுவதையும் கீழே இறக்கிவிடலாம். கப்பி துருப்பிடித்து நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள், இரு குட்டைக் கால்களுக்கிடையே கம்பத்தை நிறுத்தி, ஒரு தடித்த இரும்பாணியை அச்சாக்கி, கம்பத்தையே சாய்த்துக் கிடத்துமாறு அமைப்பதுண்டு. இவ்விரண்டிலும் ஸ்காட் காலத்துக் கம்பமுறையின் சாரம், பிடுங்கும் உழைப்பின்றி, மீண்டும் உயிர்பெறுகிறது.

மரத்தைப் பற்றி ஒரு சொல். பழைய நூல்கள் பரிந்துரைக்கும் கிரியோசோட் பூச்சைப் பொதுமக்கள் வாங்கிப் பயன்படுத்துவது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. உண்ணவும் பருகவும் பயன்படும் பயிரின் வேரருகே அதை இடாமலிருப்பதே விவேகம். செஸ்ட்நட், ஓக் போன்ற இயல்பாகவே உறுதியுள்ள வைரமரங்கள் கிடைக்குமிடத்தில் பூச்சின் தேவையும் குறைவு.

இறுக்கிக் கட்டிய கம்பி

இரு தூண்களுக்கிடையே மேற்கம்பி ஓட்டும் அமைப்பில் அதிகமாக நேரும் பிழை, கம்பி தொய்வது அலங்கோலம் என்றெண்ணி அதை வீணைத் தந்திபோல் முறுக்கிவிடுவது. இதன் விளைவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்பது தகும். தூண்களுக்கிடையே 6 மீட்டர் தூரம், ஆறு கொடிகள், இலை, கூம்பு, மழைநீர் யாவும் சேர்த்துக் கொடியொன்றுக்கு 10 கிலோ என்று கொள்வோம். மொத்தப் பாரம் 60 கிலோ. அது கம்பி முழுவதும் சமமாகப் பரவி, நடுவில் 30 சென்டிமீட்டர் தொய்வு இருக்குமானால், ஒவ்வொரு தூணின் தலையையும் உட்புறமாக இழுக்கும் விசை 150 கிலோ பாரத்துக்குச் சமமாகும். தொய்வை 15 சென்டிமீட்டராகக் குறைத்தாலோ, பாரம் சிறிதும் கூடாமலே, அது 300 கிலோவாக இரட்டிக்கும். தொய்வு பாதியானால் இழுவிசை இரண்டு மடங்கு. அழகுக்காக இறுக்கிய ஒவ்வொரு திருகும் தூணை வீழ்த்தும் விசையாக மாறுகிறது.

அவ்விசை ஐந்து மீட்டர் உயரத்தில் நெம்புகோல்போல் வேலைசெய்வதால், தூணை எத்தனை ஆழம் புதைத்தாலும் புதைத்த மண் மட்டும் அதைத் தடுப்பது அரிது. பண்ணைகளில் கடைக்கோடித் தூண்களை வெளிப்புறமாகச் சாய்த்து நட்டு, தலையிலிருந்து தரைக்கு இழுகம்பி கட்டி, அதை மண்ணுள் புதைத்த நங்கூரத்தில் பிணைப்பது இதற்காகவே. நேராக நிற்கும் தூணுக்கு இழுகம்பியை 45 பாகைச் சாய்வில் கட்டினால், முதலிற் சொன்ன 150 கிலோவை எதிர்க்க அது 210 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இழுவையைத் தாங்க வேண்டும். சாய்வு செங்குத்தாகுந்தோறும் தேவை இன்னும் கூடும். இவை காற்றில்லாத நாளின் கணக்கு. ஆகஸ்டு இறுதியில், கூம்பு முற்றி, இலை அடர்ந்து, கப்பற்பாய்போல் நிற்கும் கொடிவரிசையின்மேல் புயற்காற்று மோதும்போது வருவது இதற்கு மேற்பட்டது. அறுவடைக்குச் சில நாள் முன்னதாகவே பந்தல் சாய்கிறதென்றால், பாரமும் காற்றெதிர்ப்பும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கின்றன என்பதே காரணம்.

தீராதவை

இதுவரை பார்த்தவற்றைக் கொண்டு, உயர வளரும் ரகமாயின் நான்கிலிருந்து ஐந்து மீட்டர் வரை உயரமுள்ள, இறக்கிவைக்கத்தக்க கம்பமும் நார்க்கயிறும் வீட்டுக்குப் பொருந்தும் என்றும், ஏணி கூடவே கூடாது என்பவர்கள் குட்டை ரகத்தை நாடலாம் என்றும் கூறுவது மிகையாகாது. இந்த உயர அளவு ஒரு சமரசமே. அதற்குமேல் உறுதி கூற இயலாதபடி சில கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

அறுவடையின்போது கொடி முழுவதையும் இறக்கிவிடும் முறை, கூம்புகள் யாவும் ஒருசேர முற்றும் என்று எதிர்பார்க்கிறது. ஒரே கொடியிலும் வெயில் படும் உச்சி முந்தி, நிழலடி பிந்தி முற்றுவதால், சில நாள் இடைவிட்டு இரண்டு மூன்று முறை பறிப்பது வீட்டாருக்கு இயலும். கப்பி அமைப்பானால் இறக்கிப் பறித்து மறுபடி ஏற்றவும் செய்யலாம். அப்படி ஏற்றி இறக்குவதில் தண்டுக்கு நேரும் நசுக்கம் மிஞ்சிய கூம்புகளை எவ்வளவு பாதிக்கிறது என்பது நிர்ணயமாகவில்லை. பச்சையாக இருக்கும்போதே கொடியை அடியோடு அறுப்பதால், மறு ஆண்டுக்காக வேரில் சேரவேண்டிய சத்து குறைகிறது என்ற கருத்து வலுவுடையது. அதனாலேயே தரையிலிருந்து சில அடித் தண்டை விட்டு அறுக்கச் சொல்கிறார்கள். எத்தனை அடி விட்டால் போதும் என்பதில் பயிரிடுவோரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

யாவற்றினும் பெரிய ஐயம் உயரத்தைப் பற்றியதே. ஏழு மீட்டர் வேண்டும் என்ற அனுபவமும் ஐந்தரை மீட்டர் போதும் என்ற அனுபவமும் நெருங்கிய வரிசைகளில், பண்ணை நிலத்தில் பெறப்பட்டவை. மூன்று மீட்டர்க் கயிற்றின் உச்சியை எட்டிய பின் மடிந்து தொங்குகிற தனிக்கொடி, தொங்கும் பகுதியிலும் பக்கக்கிளை விட்டுப் பூக்கத்தான் செய்கிறது. நாற்புறமும் காற்றும் வெயிலும் உள்ள முற்றத்தில் அப்பூக்கள் நன்றாக முற்றுகின்றனவா, உச்சியில் திரண்ட அடர்த்தி ஈரமான ஆண்டுகளில் நோய்க்கு இரையாகிறதா என்பவை ரகத்துக்கு ரகம், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஒரே முற்றத்தில் ஒரே ரகத்தை மூன்று மீட்டரிலும் ஐந்து மீட்டரிலும் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றி, பல ஆண்டுகள் கூம்புகளை உலர்த்தி நிறுத்துப் பார்ப்பவர்களுக்கே அது தெளிவாகும்.